கேட்கும் செவிக்குக் கூலி

துன்புற்ற ஒருவர் தம் துயரை வாய்விட்டுச் சொல்கிறார். மற்றொருவர் எதிரே அமர்ந்து அமைதியாகக் கேட்கிறார். குறித்த நேரம் முடிந்ததும், சொன்னவர் கேட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். இக்காட்சியை முதன்முதலாகக் காணும் எவருக்கும் உள்ளத்தில் ஒரு நெருடல் தோன்றுவது இயல்பே. ஆறுதலுக்கும் விலை உண்டா என்று மனம் கேட்கிறது. இன்னும் ஒரு படி மேலே சென்று பார்ப்போம். அந்தக் கேட்பவர் வேறு சிலரைப் பணியில் அமர்த்துகிறார், அவர்கள் கேட்கிறார்கள், அவர்கள் ஈட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு இவருக்கு வருகிறது. இப்போது நெருடல் இரட்டிப்பாகிறது.

ஐக்கிய அமெரிக்க நாட்டில் இது நாள்தோறும் நடைபெறும் தொழில். அங்கே சிறிய அறை ஒன்றில் தனியொருவராக உளநல ஆற்றுப்படுத்துதலைத் தொடங்கும் ஒருவர், நாடி வருவோர் பெருகப் பெருக, மேலும் நால்வரையோ ஐவரையோ சேர்த்துக்கொண்டு அதனைக் கூட்டு நிலையமாக வளர்க்கிறார். அவ்வாறு வளர்ப்போரில் பலர், மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை விட்டு விலகி, நாடி வருவோரிடமே நேரடியாகக் கட்டணம் பெறும் முறைக்கு மாறிவிடுகின்றனர். இதனை எவ்வாறு செய்வது என்று கற்பிக்கும் நூல்களும் பயிற்சி வகுப்புகளும் அங்கே ஏராளம். இதனைச் செய்யலாமா, செய்தால் எந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் செய்யலாம் என்பதே நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தொலைதூரத்து நாட்டின் தொழில் வழக்கம் நமக்கு எதற்கு என்று வாசகர் வினவலாம். துயருறுவோருக்கு உதவும் பணி எதுவாயினும், மருத்துவமாயினும், கல்வியாயினும், சட்ட உதவியாயினும், ஒருவர் கையிலிருந்து பலர் கைக்கு வளரும்போது இதே கேள்வி எழுகிறது. அமெரிக்க எடுத்துக்காட்டில் அக்கேள்வி மறைவின்றி, எண்களோடு நம் கண்முன் நிற்கிறது. ஆகவே அதனை ஆராய்வது பயனுள்ளது.

காப்பீட்டை விட்டு விலகுவது ஏன்?

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். அந்நாட்டில் ஆற்றுப்படுத்துநராவது எளிதன்று. முதுகலைப் பட்டம் வேண்டும். அதன்பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நெடுங்காலம் பணியாற்ற வேண்டும். கலிபோர்னியா மாநிலத்தில் திருமண, குடும்ப ஆற்றுப்படுத்துநராக உரிமம் பெறுவதற்கு இவ்வாறு 3,000 மணி நேரம் நிறைவு செய்ய வேண்டும். அதன் பிறகே தேர்வும் உரிமமும். இத்தனை ஆண்டுகளில் கல்விக் கடன் வளர்ந்துகொண்டே இருக்கும்.

உரிமம் பெற்றுப் பணியைத் தொடங்கியபின், காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், ஒவ்வோர் அமர்வுக்கும் எவ்வளவு என்பதை நிறுவனமே நிர்ணயிக்கும். தொகையைப் பெறுவதற்குப் படிவங்களை நிரப்ப வேண்டும். மறுக்கப்பட்டால் தொலைபேசியில் மணிக்கணக்கில் வாதாட வேண்டும். கொடுத்த பணத்தைப் பின்னர் தணிக்கை செய்து நிறுவனம் திரும்பக் கேட்பதும் உண்டு. இவற்றுக்குச் செலவாகும் நேரத்திற்கு யாரும் கூலி தருவதில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது நோய்க்கு, துயரத்துக்கு அன்று. ஆகவே வந்தவருக்கு ஒரு நோயின் பெயரைச் சூட்டியாக வேண்டும். அப்பெயர்கள் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அதன் ஐந்தாம் பதிப்பு 2013-ஆம் ஆண்டிலும், அதன் திருத்தப்பட்ட வடிவம் 2022-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. கணவரோடு பிணக்குற்று நிற்கும் மனைவி நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற பின் வாழ்வின் பொருள் தெரியாது தவிக்கும் முதியவரும் அவ்வாறே. எனினும் நோயின் பெயர் எழுதாவிட்டால் பணம் வராது. எழுதிவிட்டாலோ அது அவருடைய மருத்துவப் பதிவேட்டில் நிலைத்துவிடும். மனச்சான்றுள்ள ஆற்றுப்படுத்துநர் இதனால் வருந்துவதில் வியப்பில்லை.

உடல்நோய்க்கு இல்லாத கடுமையான வரம்புகளை மனநோய்க்கு விதிக்கலாகாது என்று 2008-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மத்தியச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் நல்லது, எனினும் அது இயற்றப்பட்டபின் திரட்டப்பட்ட கணக்கு வேறொரு கதையைச் சொல்கிறது. 2014-இல் வெளியான ஆய்வொன்றின்படி, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் தனியார் காப்பீட்டை ஏற்ற உளமருத்துவர்கள் 55.3 விழுக்காட்டினர், ஏனைய மருத்துவர்களிலோ 88.7 விழுக்காட்டினர் ஏற்றனர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் மற்றோர் உண்மையை வெளியிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் தத்தம் பட்டியலில் காட்டியிருந்த உளநலப் பணியாளர்களை அவ்வலுவலகத்தார் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தபோது, அவர்களில் 86 விழுக்காட்டினர் தொடர்புக்கே கிட்டவில்லை, அல்லது அக்காப்பீட்டை ஏற்கவில்லை, அல்லது புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெயர் பட்டியலில் இருந்தது. உதவும் ஆள் இல்லை.

ஆகவே, காப்பீட்டை விட்டு விலகும் ஆற்றுப்படுத்துநர் யாவரும் பேராசை பிடித்தவர் என்று தீர்ப்பிடுவது அநீதி. ஆயினும் ஒருவர் விலகியதற்குத் தக்க காரணம் இருந்தது என்பதனால், அவர் விலகியபின் வெளியே நிற்க நேர்ந்தவரின் துயரம் குறைந்துவிடாது. இவ்விரு உண்மைகளையும் நாம் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் பெறுவது தவறா?

நம் முதல் நெருடலுக்கு வருவோம். துயரைக் கேட்பதற்குப் பணம் பெறலாமா? இக்கேள்வியை 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வேறொரு வடிவில் எழுப்பினார். வழக்குரைஞர் தம் வாதத்திற்குக் கூலி பெறலாமா என்பது அவர் எடுத்துக்கொண்ட வினா. அறிவு ஆன்மீகக் கொடை. அதனை விற்பது தகுமா என்ற மறுப்பையும் அவர் கருதிப் பார்த்தார். செய்தே தீரவேண்டிய கடமையல்லாத ஒன்றை ஒருவர் பிறருக்காகச் செய்யும்போது அதற்கு ஈடு பெறுவது நீதியே என்பது அவர் தந்த விடை. ஆனால் அக்கூலி அளவோடு இருக்க வேண்டும். அளவைத் தீர்மானிக்க நான்கைக் கருத வேண்டும்: வருபவரின் நிலை, வழக்கின் தன்மை, உழைப்பின் அளவு, நாட்டு வழக்கம். அளவு மீறிப் பறிப்பவர் நீதிக்கு எதிராகப் பாவம் செய்கிறார்.

இந்நான்கிலும் முதலாவதை நாம் கவனிக்க வேண்டும். சந்தையில் பொருளுக்கு விலை சொல்லும்போது வாங்குபவரின் நிலையை யாரும் கேட்பதில்லை. இங்கோ வருபவரின் நிலையும் விலையின் ஓர் அங்கமாகிறது. துயருற்றவர் பேரம் பேசும் நிலையில் இல்லை என்பதே அதன் காரணம் என்று நாம் கொள்ளலாம்.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டும் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. 1913-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், கட்டணத்தைப் பற்றி வெட்கமின்றி, தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும் என்று இளைய மருத்துவர்களுக்கு அவர் அறிவுறுத்தினார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நாள்தோறும் ஓரிரு மணி நேரத்தை இலவச சிகிச்சைக்கு ஒதுக்கியதையும், அது நோயாளிக்குப் பல வேளைகளில் தடையாகவே முடிந்ததையும் அதில் எழுதினார். இவ்வளவில் நின்றிருந்தால் கட்டணத்தை ஆதரித்தவர் என்றே அவரைச் சொல்லியிருப்போம். ஆனால் 1918-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் இறுதி மாதங்களில், புடாபெஸ்ட் நகரில் கூடிய மாநாட்டில் அவர் வேறு திசையில் பேசினார். உடல்நோய்க்கு உதவி பெற ஏழைக்கு உரிமை உள்ளது போலவே உளநோய்க்கும் உரிமை உண்டு என்பதைச் சமுதாயம் ஒருநாள் உணர்ந்தே தீரும் என்றார். இரண்டே ஆண்டுகளில், 1920-இல், மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலியோர் பெர்லினில் ஏழைகளுக்கான சிகிச்சை நிலையத்தைத் திறந்தனர். அதன் செலவைப் பெரும்பாலும் ஐட்டிங்கோனே தம் சொந்தப் பணத்திலிருந்து ஏற்றார். 1922-இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையம் தோன்றியது.

ஆகவே கட்டணம் அன்புக்கு விலையாவதில்லை. வேறு வேலை செய்யாமல் ஒருவர் நமக்கென ஒதுக்கும் நேரத்திற்கும், நெடுங்காலப் பயிற்சிக்கும், கேட்டதைப் பிறரிடம் சொல்லாக் கட்டுப்பாட்டுக்கும் அது ஈடு. உண்மையான பரிவை எவரும் விலைக்கு வாங்க முடியாது. அதற்கான இடத்தையும் நேரத்தையும் அமைத்துக் கொடுப்பதற்கே கூலி. இதுவரை நெருடலுக்கு இடமில்லை.

ஒருவர் பலராகும்போது

உழவர் நிலத்தை விரிவாக்கலாம். நெசவாளர் தறிகளைக் கூட்டலாம். கேட்பவருக்கோ இரண்டே செவிகள். வாரத்தில் 25 அமர்வுகளுக்கு மேல் பிறர் துயரைத் தொடர்ந்து கேட்டால் பலருக்கு உள்ளம் சோர்ந்துவிடும். ஆகவே தனியொருவரின் வருமானத்திற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் கடக்க அவருக்கு இரண்டு வழிகளே உள்ளன: கட்டணத்தை உயர்த்துவது, அல்லது பிறரைப் பணியில் சேர்ப்பது. நேரடிக் கட்டணக் கூட்டு நிலையம் இரண்டையும் ஒருங்கே செய்கிறது.

ஒரு கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் நான்கு ஆற்றுப்படுத்துநரைப் பணியில் அமர்த்துகிறார். ஒவ்வொருவரும் வாரம் 20 அமர்வுகள் நடத்துகின்றனர். ஆண்டில் 46 வாரங்கள் வேலை. மொத்தம் 3,680 அமர்வுகள். அமர்வுக்கு 150 டாலர் எனின், ஆண்டு வரவு 5,52,000 டாலர். அதில் 60 விழுக்காடு, அதாவது அமர்வுக்கு 90 டாலர், பணியாளர்க்கு என்பது ஒப்பந்தம் என்று கொள்வோம். அது 3,31,200 டாலர். எஞ்சுவது 2,20,800. இதிலிருந்து, சமூகப் பாதுகாப்பு வரிகளில் முதலாளியின் பங்காகிய 7.65 விழுக்காடு, அதாவது சுமார் 25,300 டாலர் போகும். வாடகை, அலுவலரின் சம்பளம், தொழிற்பொறுப்புக் காப்பீடு, கணினிச் செலவு, விளம்பரம் ஆகியவற்றுக்கு 1,10,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், உரிமையாளர் கையில் நிற்பது ஏறத்தாழ 85,000 டாலர். அவர் தாமே நடத்தும் அமர்வுகளின் வருமானம் இதற்குப் புறம்பானது.

இந்த 85,000 டாலர் யாருடைய உழைப்பு? பணியாளருடையது என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அது முழு உண்மையன்று. வருவோர் இல்லாத மாதத்திலும் வாடகை கொடுப்பவர் உரிமையாளர். இரவில் எவரேனும் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால், இளைய பணியாளர் கலந்து பேச அழைப்பது அவரைத்தான். பதிவேடுகளைக் காப்பதும், குறை கேட்டுப் பதில் சொல்வதும் அவர் கடமை. இவற்றை அவர் உண்மையாகச் செய்தால், அவர் பெறுவது அவருடைய உழைப்பின் ஊதியமே. இவற்றைச் செய்யாது, பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டுப் பங்கைப் பெற்றால், அது பிறர் செவியின் மேல் விதித்த வரியாகிவிடும்.

இங்கே அந்நாட்டுச் சட்டம் ஓரளவு காவல் நிற்கிறது. பணியாளரைச் சம்பளக்காரராகக் கொள்வதா, தனி ஒப்பந்தக்காரராகக் கொள்வதா என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. ஒப்பந்தக்காரர் எனப் பெயரிட்டால் முதலாளியின் வரிப் பங்கு மிச்சம்; ஆனால் வேலை நேரத்தையும் கட்டணத்தையும் முறையையும் தாமே வகுத்துவிட்டு அவ்வாறு பெயரிடுவது பொய்யாகும். கலிபோர்னியாவில் 2020-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஏ.பி. 5 என்னும் சட்டம் இவ்வகையில் கடுமையானது. உளவியலாளருக்கு அதில் விலக்கு உண்டு. திருமண, குடும்ப ஆற்றுப்படுத்துநருக்கு அவ்விலக்குத் தரப்படவில்லை.

பிரிந்து செல்வதைப் பற்றியும் ஒரு சொல். பணியாளர் ஒருவர் விலகித் தனியே தொழில் தொடங்க விரும்பினால், அண்மையில் எங்கும் தொடங்கலாகாது எனத் தடுக்கும் நிபந்தனையைச் சிலர் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கின்றனர். கலிபோர்னியச் சட்டம் அத்தகைய தடையைச் செல்லாதது என்கிறது. 2024-ஆம் ஆண்டில் மத்திய வணிக ஆணையம் நாடு முழுவதற்கும் அவ்வாறே விதி செய்ய முற்பட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ஒன்று அவ்விதியைத் தள்ளிவிட்டது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். அறத்தின் கேள்வி மாறுவதில்லை. ஈராண்டுகளாக ஒருவரிடம் மட்டுமே மனம் திறந்த மனிதர், நிலையத்தின் சரக்கன்று. அவர் யாரிடம் தொடர்ந்து பேச விரும்புகிறார் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். அவரிடம் இருவருடைய முகவரியும் தந்து, தேர்வை அவருக்கு விடுவதே நேர்மை.

வாசலுக்கு வெளியே நிற்பவர்

பணியாளருக்கு நீதி செய்தாயிற்று எனக் கொள்வோம். இனி, அமர்வுக்கு 150 டாலர் கொடுக்க இயலாதவர் எங்கே போவார்?

நேரடிக் கட்டண நிலையத்தார் தரும் விடை ஒன்று உண்டு. விவரம் எழுதிய ரசீதைத் தருகிறோம். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்கின்றனர். பட்டியலுக்கு வெளியே உள்ளவரிடம் பெறும் சிகிச்சைக்கும் பணம் தரும் காப்பீடு உடையவருக்கு இது உதவும். அதுவும் முதலில் முழுத்தொகையைக் கையிலிருந்து கொடுக்க முடிந்தவருக்கே. வறியோருக்கான மெடிக்கெய்டு என்னும் அரசுக் காப்பீட்டில் இருப்பவருக்குப் பொதுவாக இவ்வழி இல்லை. முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், உரிமம் பெற்ற ஆலோசகரும் குடும்ப ஆற்றுப்படுத்துநரும் தம் பணிக்குத் தொகை பெறும் வாய்ப்பே 2024-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் பிறந்தது. அத்திட்டத்திலிருந்து முறைப்படி விலகிய ஒருவரிடம் செல்லும் முதியவர், முழுத் தொகையையும் தாமே ஏற்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள மற்றொரு மத்தியச் சட்டத்தின்படி, காப்பீடு இல்லாதவருக்கும் காப்பீட்டைப் பயன்படுத்தாதவருக்கும், ஆகும் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். இது நேர்மைக்கு உதவும் நல்ல விதி. ஆனால் விலையை அறிவது ஒன்று. அதைக் கொடுக்க முடிவது மற்றொன்று.

இந்நெருக்கடிக்கு மருந்தாகப் பல நிலையங்கள் வருமானத்திற்கேற்ற கட்டணத்தை வைத்துள்ளன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஒழுக்க நெறியும், உளவியலாளர் தம் தொழில்நேரத்தின் ஒரு பகுதியைச் சிறு கூலிக்கோ கூலியின்றியோ தர முயல வேண்டும் என்று கூறுகிறது. நல்லதே. ஆனால் குறைந்த கட்டணத்தில் வருபவரை யாரிடம் அனுப்புகின்றனர் என்று பார்த்தால், பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் இளையவரிடம். இளையவரும் கற்றாக வேண்டும். மேற்பார்வை செம்மையாக இருந்தால் அதனால் எவருக்கும் தீங்கில்லை. எனினும், அனுபவம் மிக்கவர் எப்போதும் செல்வருக்கு, கற்றுக்கொள்பவர் எப்போதும் ஏழைக்கு என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டால், அங்கே உதவி இருக்கிறது, சமத்துவம் இல்லை. ஏழையின் துயரம் எளிய துயரமன்று. வேலையிழப்பும் கடனும் வீட்டு வன்முறையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் அத்துயரத்திற்கே மூத்த செவி மிகவும் தேவைப்படுகிறது.

இரக்கத்தின் செலவு யாருடையது?

மேற்கண்ட கணக்குக்கே திரும்புவோம். நிலையத்தின் அமர்வுகளில் பத்தில் ஒன்றை 30 டாலருக்குத் தருவது என உரிமையாளர் முடிவு செய்கிறார் என்று கொள்வோம். ஆண்டில் 368 அமர்வுகள். ஒவ்வொன்றிலும் 120 டாலர் குறைவதால், மொத்த வரவில் குறைவது 44,160 டாலர். அறிவிப்புப் பலகையில் நிலையத்தின் தாராள மனம் விளங்கும்.

ஆனால் பணியாளரின் பங்கு 60 விழுக்காடு என்றே ஒப்பந்தம் இருந்தால் என்ன நேரும்? 150 டாலர் அமர்வில் 90 டாலர் பெற்றவர், 30 டாலர் அமர்வில் 18 டாலரே பெறுவார். அதே உழைப்பு, அதே ஒரு மணி நேரம். 44,160 டாலரில் 26,496 டாலரைத் தாங்குபவர்கள் நான்கு பணியாளர்கள். உரிமையாளர் தாங்குவது 17,664 டாலர் மட்டுமே. புகழ் நிலையத்தின் பெயருக்கு. சுமையின் பெரும்பகுதி சம்பளக்காரர் தோளுக்கு. எவரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. விழுக்காடு என்னும் சிறிய சொல் அமைதியாக இதைச் செய்துவிட்டது.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் சாவடிப் பொறுப்பாளரை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அடிபட்டவரைக் கவனித்துக்கொண்டவர் அவரே. அதற்குக் கூலியும் பெற்றார். அவரை யாரும் குறை கூறவில்லை. சமாரியரும் சாவடிப் பொறுப்பாளரை நோக்கி, இவர் ஏழை, நீர் இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லவில்லை. தம் கையிலிருந்து இரண்டு தெனாரியத்தை எடுத்துக் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். இரக்கம் கொண்டவரே அதன் செலவையும் ஏற்றார்.

கூட்டு நிலையத்தின் உரிமையாளருக்கும் இதுவே அளவுகோல் என்று நாம் கருதுகிறோம். குறைந்த கட்டண அமர்வுக்கும் பணியாளருக்கு அதே 90 டாலரைக் கொடுக்க வேண்டும். முழுச் சுமையும், 44,160 டாலரும், உரிமையாளரின் எச்சத்திலிருந்து போக வேண்டும். அப்போது அவர் கையில் 85,000-க்குப் பதில் ஏறத்தாழ 41,000 டாலர் நிற்கும். தம் சொந்த அமர்வுகளின் வருமானம் இதற்குமேல் இருக்கும். அது இயலாதென்றால் பத்தில் ஒன்று என்பதை இருபதில் ஒன்றாக்கலாம். அளவைக் குறைப்பதில் இழிவில்லை. பிறர் செலவில் பெரிய அளவைக் காட்டுவதிலேயே இழிவு. அந்த அமர்வுகளைப் பகிரும்போதும், மூத்தவரின் பெயர், ஏன், உரிமையாளரின் பெயரே முதலில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏழைக்கான இந்நேரம் ஆண்டு முடிவில் மிஞ்சியதிலிருந்து கொடுக்கப்படுமாயின், அது ஒருபோதும் கொடுக்கப்படாது. வளரும் நிலையத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. புதிய அறை, புதிய ஆள், புதிய கிளை என்று ஒவ்வொரு தேவையும் காத்திருக்கும். வாடகையை யாரும் மிச்சத்திலிருந்து கொடுப்பதில்லை. அது முதலிலேயே கணக்கில் எழுதப்படுகிறது. ஏழையின் மணிநேரமும் அவ்வாறே கணக்கேட்டின் முதல் பக்கத்தில், வாடகைக்கு அருகில் எழுதப்பட வேண்டும். நிலையத்தை விரிவாக்கலாமா என்று பார்க்கும்போது, அதையும் கொடுத்தபின் விரிவாக்க முடியுமா என்றே பார்க்க வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: ஏழையின் உளநலம் அரசின் கடமை, தனியொருவர் அதை ஏன் சுமக்க வேண்டும்? அரசின் கடமைதான், ஐயமில்லை. 1963-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கென்னடி கையெழுத்திட்ட சட்டம், ஊர்தோறும் உளநல மையங்களை அமைக்க விழைந்தது. அம்மையங்களில் பல கட்டப்படவே இல்லை. ஆனால் பெரிய மனநல மருத்துவமனைகள் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தன. அரசு தவறியது என்பது நம் கடமையைப் பெரிதாக்கலாம், இல்லாததாக்காது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: எல்லாருக்கும் உதவ முயன்று நிலையம் மூடப்பட்டால் யாருக்குப் பயன்? இதற்கும் அக்வினாஸ் தெளிவாக விடை சொன்னார். எல்லா ஏழைக்கும் வாதாட எந்த வழக்குரைஞரும் கடமைப்பட்டவர் அல்லர். அவ்வாறாயின் அவர் வேறு வேலையே செய்ய முடியாது. இடத்தாலும் காலத்தாலும் தமக்கு நெருங்கி வந்தவர், உடனடித் தேவையில் இருப்பவர், வேறு உதவி கண்ணுக்குத் தெரியாதவர் ஆகியோருக்கே அவர் கடன்பட்டவர். இதே நெறி நோயுற்ற ஏழைக்கு மருத்துவர் ஆற்ற வேண்டிய கடமைக்கும் பொருந்தும் என்று அவர் சேர்த்துச் சொன்னார்.

கூட்டு நிலையத்தில் அவ்வாறு நெருங்கி வருபவர் யார்? இருவர். ஒருவர், காப்பீட்டின் வழியாக ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர். நிலையம் காப்பீட்டை விட்டு விலகும் நாளில் அவர் பாதி வழியில் நிற்கிறார். சில மாதங்களுக்கு முன்பே அவருக்குச் சொல்லி, அவரால் தொடர முடியும் கட்டணத்தைப் பேசி, முடியாதெனின் வேறொருவரிடம் சேர்ப்பிக்கும்வரை கைவிடாதிருப்பது நீதியின் கடன். அது இரக்கத்தின் சலுகையன்று.

மற்றவர், முதன்முதலாகத் தொலைபேசியில் அழைப்பவர். எத்தனையோ நாள் தயங்கி, துணிவை வரவழைத்து, எண்களை அழுத்தியவர் அவர். மறுமுனையில் கட்டணத்தைச் சொன்னதும் அவர் குரல் தாழ்கிறது. தனியொருவராக இருந்த காலத்தில் அக்குரலைக் கேட்டவர் ஆற்றுப்படுத்துநர். இன்று கேட்பவர் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட அலுவலர். அவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறோம்? அழைப்பை விரைவில் முடி என்றா? அல்லது, ஒதுக்கிய மணிநேரத்தில் இடம் இருக்கிறதா என்று பார். இல்லையெனின், இடம் உண்டு என்று நீ இவ்வாரம் அழைத்து உறுதி செய்துகொண்ட வேறிரண்டு நிலையங்களின் எண்களைக் கொடு. உயிருக்கு ஆபத்து என்றால், 2022-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாடெங்கும் இயங்கும் 988 என்னும் எண்ணோடு இணைத்துவிட்டே வை என்றா?

வளர்ச்சியை நாம் பழிக்கவில்லை. ஐந்து செவிகள் கேட்குமிடத்தில் ஒரு செவி கேட்பதைவிட அதிகம் பேர் ஆறுதல் பெறுவர். நிலையம் வளர்ந்த பின்னும் அதன் பொறுப்பு நிறுவியவரிடமே நிற்கிறது என்பதே நம் கருத்து. பணியாளரின் சம்பளப் பட்டியலிலும், கணக்கேட்டின் முதல் பக்கத்திலும், அந்த முதல் தொலைபேசி அழைப்புக்குத் தரப்படும் விடையிலும் அப்பொறுப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எழுதியவர், தாம் பெறும் கூலியைத் தலைகுனியாமல் பெறலாம்.